ஃபெண்டர் ஆம்பில் ரிவெர்ப் மங்கினால்: வால்வா, டேங்கா, டெக்னீஷியனா?

நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற கிட்டார் ஆம்பில் ரிவெர்ப் (எதிரொலி) நாபை 3-க்கு மேல் திருப்ப வேண்டிய தேவையே வராது. 4-ல் வைத்தாலே வாசிக்கிற ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பின்னால் ஒரு நீண்ட வால் ஓடும். 7, 8-க்குப் போனால் கார்டு மாற்றுவதற்குள் முந்தைய கார்டு மேலே வந்து விழும். ஆகவே 8-ல் வைத்தும் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது என்றால், 'பழைய ஆம்ப், இப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட வேண்டாம். அந்த ஆம்பில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் திரும்பக் கொண்டுவரக்கூடிய ஒன்றுதான்.

கேள்வி, எதில் காசைப் போடுவது என்பது. புது ஸ்பிரிங் டேங்க், அதாவது எதிரொலியை உண்டாக்கும் ஸ்பிரிங்குகள் இருக்கும் தகரப் பெட்டி, வாங்கலாம். வால்வை, அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குப்பியை, மாற்றலாம். சர்க்யூட்டில் இரண்டு ரெசிஸ்டரை மாற்றி ரிவெர்பைக் கூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு ரிவெர்ப் பெடலை வாங்கி முன்னால் போட்டுக்கொள்ளலாம். அல்லது ஆம்பைத் தூக்கிக்கொண்டு போய் டெக்னீஷியனிடம் கொடுத்துவிடலாம். ஐந்துமே ஏதோ ஒரு சூழ்நிலையில் சரியான முடிவுதான். ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலானோர் முதலில் டேங்கைத்தான் வாங்குகிறார்கள். ரிவெர்ப் என்றால் ஸ்பிரிங், ஸ்பிரிங் என்றால் டேங்க் என்று மனம் நேராக அங்கே போய்விடுகிறது. மங்கிய ரிவெர்புக்கு அது முதல் சந்தேகமாக இருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

நண்பர் ஒருவரின் 1970-களின் சில்வர்ஃபேஸ் (முன்பலகை வெள்ளி நிறத்தில் இருக்கும்) டீலக்ஸ் ரிவெர்ப் என் வீட்டுக்கு வந்தபோது அதில் ஏற்கெனவே புத்தம் புது டேங்க் இருந்தது. பழைய டேங்கை ஒரு துணிப்பையில் சுற்றித் தனியாகக் கொண்டுவந்திருந்தார். புதியது போட்ட பிறகும் ரிவெர்ப் அதே அளவுதான். நாப் 8-ல், ஒலி பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கோ தூரத்தில். அந்த ஆம்பை வைத்தே இதைச் சொல்கிறேன்.

முதலில் மங்கல் வேறு, சாவு வேறு

ரிவெர்ப் அடியோடு போய்விட்டதா, குறைந்துவிட்டதா என்று பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். அடியோடு போனால் எங்கோ ஒரு வயர் அறுந்திருக்கும், ஒரு காயில் (கம்பிச் சுற்று) அறுந்திருக்கும், ஒரு பின் கழன்றிருக்கும். குறைந்திருந்தால் பாதை முழுசாக இருக்கிறது, ஆனால் ஓர் இடத்தில் பலம் போய்விட்டது என்று பொருள். இரண்டுக்கும் சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் வேறு வேறு.

பாதை எப்படிப் போகிறது என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். இந்த ஆம்ப்களின் சர்க்யூட்டுக்கு ஏபி763 என்று பெயர். கடைசி மூன்று எண்கள் மாதமும் வருடமும்: 1963 ஜூலை. ஹேமண்ட் ஆர்கனுக்காகப் பிறந்த ஸ்பிரிங் டேங்கை ஃபெண்டர் 1961-ல் தனிப் பெட்டியாக விற்றது, 1963-ல் ஆம்புக்குள்ளேயே வைத்தது. டீலக்ஸ், ட்வின், சூப்பர், வைப்ரோலக்ஸ், ப்ரோ என்று 'ரிவெர்ப்' பெயர் தாங்கிய அந்தக் காலத்து ஆம்ப்கள் எல்லாவற்றிலும் ரிவெர்ப் பகுதி ஏறக்குறைய ஒன்றேதான். பிரின்ஸ்டன் ரிவெர்ப் மட்டும் வால்வு வரிசையில் கொஞ்சம் மாறும்.

கிட்டார் ஒலி முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டியதும், அதில் ஒரு பங்கு 500 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றின் வழியாக 12ஏடி7 வால்வுக்குப் போகிறது. ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு ட்ரையோடுகள், அதாவது தனித்தனியாகப் பெருக்கும் இரண்டு பகுதிகள். இரண்டையும் இணையாகப் பூட்டி, மாட்டு வண்டியில் இரண்டு மாடு போல இழுக்க வைத்திருக்கிறார்கள். அது ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரை ஓட்டுகிறது. டிரான்ஸ்பார்மர் டேங்கின் உள்நுழைவுக் காயிலை ஓட்டுகிறது. அந்தக் காயில் ஸ்பிரிங் முனையில் ஒட்டியிருக்கும் அரிசி மணி அளவு காந்தத்தை முறுக்குகிறது. முறுக்கு ஸ்பிரிங் வழியே ஓடி மறுமுனைக் காந்தத்தை ஆட்ட, அங்கிருக்கும் காயிலில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அதை 12ஏஎக்ஸ்7 வால்வில் ஒரு பாதி பெரிதாக்கி, ரிவெர்ப் நாப் வழியாக நேர் ஒலியோடு கலக்கிறது.

டேங்குக்கு முன்னால் இருப்பது அனுப்பும் பாதி. பின்னால் இருப்பது திரும்பும் பாதி. எந்தப் பாதி சோர்ந்திருக்கிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் அது குருட்டாம்போக்குதான்.

காசில்லாத சோதனைகள்

கிட்டார் வைப்ராட்டோ சேனலில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த ஆம்ப்களில் நார்மல் சேனலுக்கு ரிவெர்ப் கிடையாது. அடுத்து, கால் சுவிட்ச் பெடலைப் பின்னாலிருந்து கழற்றிவிடுங்கள். அந்தப் பெடல் ரிவெர்ப் ஒலியைத் தரைக்கு இழுத்து அணைக்கிறது. அதன் கேபிளுக்குள் அரைகுறையாக ஒரு ஷார்ட் இருந்தாலும் ரிவெர்ப் சாகாமல் மங்கும். கழற்றியதும் ரிவெர்ப் நிமிர்ந்தால் வேலை முடிந்தது. பிறகு டேங்குக்குப் போகும் இரண்டு ஆர்சிஏ கேபிள்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். யாராவது டேங்கை வெளியே எடுத்துத் திரும்ப வைத்திருந்தால் இது நடக்கும்.

அப்புறம் இடிச் சோதனை. ரிவெர்ப் நாபை முழுசாகத் திருப்பி, ஆம்பின் தோளில் கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். ஸ்பிரிங் குலுங்கி ஸ்பீக்கரில் இடி இடித்த மாதிரி கேட்க வேண்டும். நண்பரின் ஆம்பில் தட்டியபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த ஒரு தட்டு, டேங்கின் பாதியையும் திரும்பும் பாதி முழுவதையும் சந்தேகத்திலிருந்து விடுவித்தது. குலுங்கிய ஸ்பிரிங்கின் ஒலி அவ்வளவு பலமாக வெளியே வருகிறது என்றால், வெளியேறும் காயில், கேபிள், 12ஏஎக்ஸ்7, நாப் எல்லாம் நலம். ஸ்பிரிங்கை ஆட்டுகிற கைதான் சோர்ந்திருக்கிறது.

இடி கேட்கவில்லை, அல்லது முனகலாகக் கேட்கிறது என்றால், டேங்கின் வெளியேறும் முனையில் இருக்கும் கேபிளைக் கழற்றி அதன் நடு ஊசியை விரலால் தொடுங்கள். அந்தக் கேபிளில் ஆபத்தான வோல்டேஜ் இல்லை. 'ம்ம்ம்' என்று பலமான ஹம் வந்தால் திரும்பும் பாதியின் வால்வு வேலை செய்கிறது, அப்போது டேங்கின் மேல் சந்தேகம் போகலாம். ஹம்மும் முனகல்தான் என்றால் 12ஏஎக்ஸ்7-ஐயோ கேபிளையோ பாருங்கள்.

நண்பரின் ஆம்பில் இன்னொன்றும் செய்து பார்த்தோம். அனுப்பும் கேபிளை டேங்கிலிருந்து கழற்றி, ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் 8 ஓம் ஸ்பீக்கரில் நீள வயர் கட்டிச் செருகினோம். அவர் ஹாலில் வாசித்தார், நான் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கைக்குள் இருந்த ஸ்பீக்கரில் கிட்டார் கேட்டது. தகர டப்பா ஒலி, அது இயல்பு. ஆனால் மிக மெல்லியது. காதோடு ஒட்டினால்தான் புரிந்தது. டேங்குக்குப் போகிற தீனியே குறைவு என்பது அப்போது உறுதியானது.

வால்வு

அனுப்பும் பாதி சோர்ந்திருக்கிறது என்றால் முதல் ஆள் 12ஏடி7. காரணம் எளிது: அந்த இடத்தில் அது படும் பாடு. 12ஏடி7-இன் பிளேட்டுக்கு (வால்வுக்குள் உயர் வோல்டேஜ் ஏறும் தகடு) உச்ச வரம்பு 300 வோல்ட். ஃபெண்டர் அதற்குக் கொடுப்பது 400-க்கும் மேல். அன்றைய வால்வுகள் அதைத் தாங்கின. ஆனால் ஆம்பில் இருக்கும் மற்ற சின்ன வால்வுகளை விட இதுவே சீக்கிரம் தேய்கிறது. இரண்டு ட்ரையோடும் இணையாக ஓடுவதால் ஒன்று செத்தாலும் இன்னொன்று தனியாக இழுத்துக்கொண்டிருக்கும். ரிவெர்ப் முற்றிலும் நிற்காது, மெலியும். மங்கல் என்ற அறிகுறிக்கு இவ்வளவு பொருத்தமான காரணம் வேறொன்று இல்லை.

இதில் பெரிய வசதி, சோதிக்க எதுவும் வாங்க வேண்டாம். அதே ஆம்பில் இன்னொரு 12ஏடி7 இருக்கிறது. ஆம்பின் பின்பக்கமிருந்து பார்த்தால் வலது ஓரத்தில் முதல் வால்வு. மூன்றாவது ரிவெர்பை ஓட்டுவது, நான்காவது ரிவெர்பைத் திரும்ப வாங்கும் 12ஏஎக்ஸ்7, ஆறாவது பவர் வால்வுகளுக்கு முன்னால் நிற்கும் இரண்டாவது 12ஏடி7. பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளிலும் இந்த வரிசை இருக்கும். ஆம்பை அணைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, மூன்றாவதையும் ஆறாவதையும் இடம் மாற்றுங்கள். வால்வுகள் தலைகீழாகத் தொங்குவதால் நேராகக் கீழே இழுக்க வேண்டும், ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் பின் வளையும். பழைய சாக்கெட்டில் பிடி தளர்ந்திருக்கலாம், அதையும் அப்போது கையில் உணரலாம்.

எங்களுக்கு மாற்றியவுடனே தெரிந்துவிட்டது. ரிவெர்ப் நாப் 8-ல் இருந்ததை மறந்து ஆன் செய்துவிட்டோம். முதல் கார்டிலேயே அறை நிரம்பிவிட்டது. மறுபக்கம், நேர் ஒலி மட்டும் கொஞ்சம் கரகரத்து, பலம் குறைந்து வந்தது. சோர்ந்த வால்வு இப்போது ஆறாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது அல்லவா, அதுதான். ஒரே மாற்றத்தில் குற்றவாளி இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டது.

நான்காவது வால்வையும் இப்படியே சோதிக்கலாம். அதை முதல் வால்வோடு இடம் மாற்றுங்கள், இரண்டும் 12ஏஎக்ஸ்7தான். அந்த நான்காவது குப்பியின் மற்றொரு பாதி வைப்ராட்டோ சேனலின் நேர் ஒலியையும் சுமக்கிறது. ஆகவே அது முழுசாகத் தேய்ந்திருந்தால் ரிவெர்ப் மட்டுமன்றி நேர் ஒலியும் மங்கியிருக்கும். நேர் ஒலி கம்பீரமாக இருந்து ரிவெர்ப் மட்டும் சோர்ந்திருந்தால் மூன்றாவதை நோக்கிப் போங்கள்.

புது வால்வு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இன்றைய தயாரிப்பு 12ஏடி7 எல்லாமே அந்த 400 வோல்ட்டை ஒரே மாதிரி தாங்குவதில்லை. ராணுவ ஒதுக்கீட்டில் மிஞ்சிய பழைய அமெரிக்க வால்வு நியாயமான விலைக்குக் கிடைத்தால் இந்த ஒரு இடத்துக்கு அதை வாங்குவது நல்ல செலவு. 'கெயின் அதிகம்' என்று 12ஏஎக்ஸ்7-ஐ அங்கே செருக வேண்டாம். எண்ணில் கெயின் அதிகம்தான். ஆனால் டிரான்ஸ்பார்மரை ஓட்டத் தேவையான கரன்ட் அதனிடம் இல்லை. ரிவெர்ப் அளவுக்கு மீறி இருக்கிறவர்கள் 12ஏயு7 போட்டுக் குறைத்துக்கொள்வதுண்டு, அது வேறு கதை.

டேங்க்

டேங்க் கெட்டுப்போவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆர்சிஏ சாக்கெட்டிலிருந்து காயிலுக்குப் போகும் வயர் தலைமுடி போல மெல்லியது, அறுகிறது. ஸ்பிரிங் கொக்கி கழல்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் ரிவெர்பைக் கொன்றுவிடும், மங்க வைக்காது. மங்க வைக்கும் டேங்க் கோளாறுகள் சில உண்டு, அவற்றைப் பணம் கொடுக்காமலேயே கண்டுபிடிக்கலாம்.

இந்த ஆம்ப்களுக்கான டேங்கின் எண் 4ஏபி3சி1பி. அந்த எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு: 4 என்பது நீளமான வகை, ஏ என்றால் உள்நுழைவு 8 ஓம், பி என்றால் வெளியேற்றம் 2250 ஓம், 3 நீண்ட எதிரொலி, சி என்பது வெளியேற்றம் மட்டும் தரையோடு சேர்ந்திருப்பது, 1 பூட்டு இல்லாதது, கடைசி பி, திறந்த வாய் கீழே பார்க்கப் படுக்க வைப்பது. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, டேங்கிலிருந்து கேபிள்களைக் கழற்றி அளந்தால், உள்நுழைவில் சுமார் 0.8 ஓமும் வெளியேற்றத்தில் சுமார் 200 ஓமும் காட்ட வேண்டும். 8, 2250 என்பவை ஒலி ஓடும்போது இருக்கும் தடை; மீட்டர் காட்டுவது வெறும் கம்பியின் தடை, அதனால்தான் குறைவு. மலிவு மீட்டர்களின் வயரிலேயே அரை ஓம் இருக்கும். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவீடு ஏன் முக்கியம் என்றால், ஐம்பது வருடத்தில் பல கை மாறிய ஆம்பில் யாரோ தவறான டேங்கை வைத்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே பார்க்க எல்லா நீள டேங்கும் ஒன்றுபோலவே இருக்கும். நான் பார்த்த ஒரு வைப்ரோலக்ஸ் ரிவெர்பில் உள்நுழைவு 58 ஓம் காட்டியது. அது 600 ஓம் வகை டேங்க், வேறு மாதிரி ஓட்டும் ஆம்புக்கானது. வால்வு நலம், டிரான்ஸ்பார்மர் நலம், டேங்கும் தன்னளவில் நலம், பொருத்தம்தான் இல்லை. அந்த ஆம்புக்குப் புது டேங்க்தான் சரியான முடிவு, வாங்கிப் போட்டதும் தீர்ந்தது. ஆகவே, டேங்க் வாங்குவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்களை அளந்துவிடுங்கள். சரியாக இருந்தால் வாங்க வேண்டாம்.

எண்கள் சரியாக இருந்தும் ஒலி மெலிகிறது என்றால் டேங்கைப் பையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பிரிங் முனையின் காந்தம், இரும்புத் தகடுகளின் இடைவெளிக்கு நடுவில் எதையும் தொடாமல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து உரசினால் அசைய முடியாது. தலைகீழாக வைக்கப்பட்ட டேங்கில் இது நடக்கலாம்.

இன்னொன்று, மிகச் சாதாரணமானது. அனுப்பும் பக்கம் குறைந்த ஓம் உலகம். 8 ஓம் காயிலுக்கு முன்னால், ஆர்சிஏ சாக்கெட்டில் படிந்த அழுக்கோ துருவோ நான்கைந்து ஓம் சேர்த்துவிட்டால் காயிலுக்குப் போக வேண்டிய பலத்தில் ஒரு பங்கு அழுக்கிலேயே போய்விடும். காண்டாக்ட் கிளீனர் தெளித்து, பிளக்கை நாலைந்து முறை செருகி எடுத்து, தளர்ந்த வெளி வளையத்தைக் குறடால் இலேசாக நெருக்குங்கள். கேபிளையும் வேறொன்று போட்டுப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் பழைய டிவிடி பிளேயர் கேபிள் சோதனைக்குப் போதும். இதற்கு ஆகும் நேரம் கால் மணி. வால்வுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான் என்று சொன்னாலும் தவறில்லை.

பழைய டேங்கையும் புது டேங்கையும் ஒப்பிட்டால்? நண்பரின் ஆம்பில் வால்வு சரியான பிறகு இரண்டையும் மாறி மாறிக் கேட்டோம். புதியது கொஞ்சம் கூர்மையாக இருந்தது. பழையதில் வால் மெதுவாக, கருமையாக இறங்கியது. அவர் பழையதையே திரும்ப வைத்துக்கொண்டார். நானும் அதையே செய்திருப்பேன்.

உள்ளே இருப்பவை, அதாவது டெக்னீஷியன்

மேலே சொன்ன எதற்கும் சேசிஸை, அதாவது சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியை, திறக்க வேண்டியதில்லை. இனி வருவதற்குத் திறக்க வேண்டும், உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. பிளக்கை உருவிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அந்த மின்னேற்றத்தை வைத்திருக்கும். அதை இறக்கத் தெரியாதவர்கள், ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அளக்கப் பழகாதவர்கள் திறக்க வேண்டாம். உயிர் போகும் வோல்டேஜ் அது.

வால்வு நலம், டேங்க் நலம், கேபிள் நலம், ஆனாலும் தீனி குறைவு என்றால் உள்ளே முதலில் பார்க்க வேண்டியது 12ஏடி7-இன் கேத்தோடில் (வால்வுக்குள் எலக்ட்ரான்கள் கிளம்பும் முனை) இருக்கும் 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். விரல் நுனி அளவு பொருள். அதன் பக்கத்தில் 2.2 கிலோஓம் ரெசிஸ்டர். அந்தக் கெப்பாசிட்டர் வற்றிப்போனால் வால்வின் பெருக்கம் பல மடங்கு விழுந்துவிடும், வால்வு புதிதாக இருந்தாலும். அந்த ரெசிஸ்டரில் சுமார் 8 வோல்ட் நின்றால் வால்வு இயல்பாக இழுக்கிறது. நன்றாகக் குறைந்திருந்தால் வால்வோ சப்ளையோ சோர்ந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரின் முதல் சுற்று அறுந்திருக்கிறது. ஒரே இடத்தில் மீட்டரை வைத்து மூன்று செய்தி கிடைக்கிறது என்பதால் நல்ல டெக்னீஷியன் முதலில் அங்கேதான் கை வைப்பார்.

திரும்பும் பக்கத்தில் பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் காலப்போக்கில் மதிப்பு ஏறும். நாபிலிருந்து கலக்கும் இடத்துக்குப் போகும் 470 கிலோஓம் ரெசிஸ்டர் மேலே ஏறியிருந்தால் ரிவெர்ப் குறையும், ஆனால் அது மட்டுமே 8-க்குத் தள்ளாது.

டிரான்ஸ்பார்மரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கெட்டால் பெரும்பாலும் ரிவெர்ப் சாகும். அரிதாக உள்ளே சுற்றுகள் ஒட்டிக்கொண்டு மங்கும். எல்லாம் பார்த்த பிறகு கடைசியாக மாற்ற வேண்டியது.

டெக்னீஷியன் கூலி, வால்வு விலையையும் டேங்க் விலையையும் விடக் கூட. ஆனால் ஆம்பில் அசல் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இன்னும் இருந்தால், அல்லது இரண்டு பின் பிளக் இன்னும் இருந்தால், எப்படியும் அவரிடம் ஒருமுறை போகத்தான் வேண்டும். மூன்று பின் எர்த் பிளக் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம், மைக்கைத் தொடும் உதட்டில் ஷாக் அடித்த பிறகு மாற்றுவதில் பயனில்லை. அந்த ஒரே பயணத்தில் ரிவெர்ப் கேத்தோடு கெப்பாசிட்டரையும் சேர்த்து மாற்றச் சொன்னால் தனிக் கூலி ஆகாது. இந்தக் கணக்கில் பார்த்தால் டெக்னீஷியன் விலை உயர்ந்த வழி என்று சொல்ல முடியாது.

இந்தியாவிலோ இலங்கையிலோ அமெரிக்க ஆம்பை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரில் ஓட்டுகிறவர்கள் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆம்ப் சுமையோடு ஓடும்போது ஸ்டெப்-டவுன் என்ன வோல்டேஜ் கொடுக்கிறது? 117 வோல்ட்டுக்குச் செய்த ஆம்புக்கு 100 போய்க்கொண்டிருந்தால், ஹீட்டர் முதல் பிளேட் வரை எல்லாமே தாழ்ந்து நிற்கும். வால்வில் குற்றம் தேடுவதற்கு முன்னால் சுவரில் தேடுங்கள். வாட் மதிப்பில் தாராளமாக இருக்கும் ஸ்டெப்-டவுனாக வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்யூட்டை மாற்றுவது, பெடல் வாங்குவது

470 கிலோஓமைப் பாதியாக்கினால் ரிவெர்ப் கூடும். 500 பிகோஃபாரட்டைப் பெரிதாக்கினால் டேங்குக்குள் அடி ஒலியும் சேர்ந்து போகும், ரிவெர்ப் தடிக்கும். இரண்டும் உண்மை. ஆனால் மங்கிய ஆம்புக்கு இதைச் செய்வதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். இதே சர்க்யூட், இதே மதிப்புகளோடு, 1963-லிருந்து 4-ல் அறையை நிரப்பியிருக்கிறது. இன்று நிரப்பவில்லை என்றால் மதிப்புகள் தவறு என்று ஆகாது, ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது. தேய்ந்ததை அப்படியே விட்டு வேறிடத்தில் ஒலியைக் கூட்டினால் ஹம்மும் இரைச்சலும் சேர்ந்து கூடும். அப்புறம் என்றோ ஒரு நாள் வால்வை மாற்றும்போது ரிவெர்ப் கட்டுக்கடங்காமல் போகும். அடுத்து வாங்குகிறவருக்கும் குழப்பம். முழு ஆரோக்கியத்தில் இருக்கும் ஆம்பில் இன்னும் வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் அது அவர் உரிமை.

பெடலுக்கு நியாயமான இடம் உண்டு. சனிக்கிழமை கச்சேரி, இன்று வியாழன், வால்வு வர ஒரு வாரம் ஆகும் என்றால் பெடலை வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். ஆம்பில் கை வைக்காதீர்கள். ஆனால் இந்த ஆம்ப்களில் எஃபெக்ட்ஸ் லூப் (முன்கட்டத்துக்குப் பிறகு பெடலைச் செருகும் வழி) இல்லை, ஆகவே பெடல் உள்நுழைவுக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். ஆம்பின் சொந்த ரிவெர்ப் முன்கட்ட வால்வுகளுக்குப் பிறகு கலக்கிறது. சுத்த ஒலியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வால்யூமை ஏற்றி ஆம்பைக் கடிக்க விட்டால், பெடலின் எதிரொலியும் சேர்ந்து கடிபட்டுக் குழம்பும். கச்சேரிக்கு அது போதும். வீட்டில் தினமும் வாசிக்க எனக்குப் போதாது. ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு 'டொய்ங்' இருக்கிறது, ஸ்டக்காட்டோவில் ஒரு ஸ்வரத்தைக் கிள்ளிவிட்டால் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

ஆக, என் வரிசை இது: இன்று மாலை கேபிளும் சாக்கெட்டும் சுத்தம், பெடல் சுவிட்ச் கழற்றிச் சோதனை, இடித் தட்டு, வால்வு இடமாற்றம், டேங்கில் இரண்டு ஓம் அளவீடு. மொத்தம் ஒரு மணி நேரம், செலவு இல்லை. வால்வு காட்டிக்கொடுத்தால் ஒரு 12ஏடி7 வாங்குங்கள். ஓம் தவறாக இருந்தால் மட்டும் டேங்க். இரண்டும் நலம் என்றால் டெக்னீஷியன்.

டெக்னீஷியனிடம் போகும்போது ஒரு துண்டுக் காகிதம் எழுதி ஆம்பின் பின்பலகையில் ஒட்டிவிடுங்கள். நண்பர் கெப்பாசிட்டர் வேலைக்குக் கொடுத்தபோது ஒட்டியது இப்படி இருந்தது: 'தட்டினால் இடி பலம். மூன்றாவது வால்வு புதிது. டேங்க் 0.8, 200. ரிவெர்ப் இப்போது 3-ல் போதும். கேத்தோடு 25 மைக்ரோவையும் சேர்த்து மாற்றவும்.' அந்தக் காகிதத்தால் கூலியில் ஒரு மணி நேரம் குறைந்தது. அது இன்னும் அந்தப் பலகையிலேயே இருக்கிறது, கீழே டெக்னீஷியனின் கையெழுத்தில் தேதியும் '8.3 வோல்ட்' என்றும் சேர்ந்திருக்கிறது.